நாற்பத்தாறு பட்டுப்புடவைகளும் ஒரு தழும்பும்

தேனியில் நான் படித்த கிராபிக் டிசைன் வகுப்பு, இருசக்கர வாகனக் கடை ஒன்றின் இரண்டாவது மாடியில் நடந்தது. மொத்தம் முப்பத்தெட்டுப் படிகள். பதினேழாவது படிக்கு மேல் கைப்பிடி கிடையாது. சேர்ந்த அன்றே இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டோம் என்றார்கள். ஆறு மாதம் ஏறி இறங்கினேன், கைப்பிடி வரவில்லை. வகுப்பில் பதினான்கு மாணவர்கள், பதினொரு கணினிகள். அவற்றில் ஒழுங்காக ஓடியவை ஒன்பது. எனக்கு வயது அறுபத்தொன்பது. எனக்கு அடுத்த மூத்த மாணவருக்கு இருபத்தாறு.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டவர்கள் இருபத்திரண்டு பேர். பொழுது போகவில்லை என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லிவைத்தேன். அது பொய். என் மனைவியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அவளுடைய படம் ஒன்றை நானே ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். நினைவு நாளுக்கு எட்டு மாதம் இருந்தது. வகுப்பு ஆறு மாதம். இரண்டு மாதம் கையில் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

அவள் இறந்த அன்று மூன்று மணி நேரத்துக்குள் உத்தமபாளையத்தில் எங்கள் தெருமுனையில் பிளக்ஸ் பேனர் ஏறிவிட்டது. பத்தடிக்கு ஆறடி. கீழே வரிசையாக உறவினர்களின் சின்னப் படங்கள் முப்பத்தேழு. அதில் இரண்டு பேர் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். நடுவில் அவள். முகத்தை என் மகனுடைய கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே அரக்குப் பட்டு, பச்சைக் கரை, மூன்று வடச் சங்கிலி, மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், மோதிர விரலில் சிவப்புக் கல். அப்படி ஒரு புடவை எங்கள் வீட்டில் இல்லை. அப்படி ஒரு சங்கிலியும் இல்லை. அந்தக் கைகளும் அவளுடையவை அல்ல. அவளுக்கு வலது சுண்டுவிரல் வளைந்திருக்கும்.

அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, நீர்மாலைக்குக் கிளம்பும் நேரத்தில் மகனைத் தனியே அழைத்துச் சொன்னேன்.

"அப்பா, இதெல்லாம் பாக்குற நேரமா இது? எல்லாருக்கும் இப்படித்தான் போடுவாக."

"உடம்பு வேற யாரோடதோடா."

"மொகம் அம்மாதான? விடுங்க."

விட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தெருமுனையில் இருந்ததை பேரூராட்சிக்காரர்கள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் மகன் அதே படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, மேலே ஒரு சிவப்பு விளக்கும் எரியவிட்டான். என் சாப்பாட்டு நாற்காலிக்கு நேர் எதிரே. ஒரு நாளைக்கு மூன்று வேளை அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். மருமகள் மறுபடி நேராகப் போட்டாள், பெருக்க இடைஞ்சலாம்.

நான் வாய்க்கால் வரைபடம் போட்டுப் பிழைத்தவன். பாசன அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மையும் பேனாவும் வைத்துக் கோடு போட்ட கை இது. ஒரு முகத்துக்கு அதன் உடம்பைக் கொடுப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

ஆசிரியை போடிக்காரர், வயது இருபத்தைந்து. பாடத்தை வேகமாகச் சொல்வார், மறுபடி கேட்டால் அதே வேகத்தில் மறுபடி சொல்வார். முதல் வேலையாக எங்களை விசிட்டிங் கார்டு செய்யச் சொன்னார், அவரவர்க்கு அவரவரே. பதின்மூன்று பேரும் தங்களை ஏதோ கம்பெனிக்கு முதலாளி ஆக்கிக்கொண்டார்கள். நான் பெயர், படிப்பு, பார்த்த வேலை, வேலை பார்த்த ஊர்கள் ஏழு, முகவரி என்று பதினொரு வரியில் அமைத்தேன். எல்லா வரியும் சம இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை.

"ஐயா, மூச்சு முட்டுது. எடம் விடுங்க," என்றார் ஆசிரியை.

"எதுக்கு இடம்?"

"சும்மா. வெத்து எடம் இருந்தாத்தான் கண்ணு நிக்கும்."

எங்கள் அலுவலகத்தில் தாளில் வெற்றிடம் இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். மேலதிகாரி சுழித்துத் திருப்பி அனுப்புவார். இதைச் சொன்னேன். பக்கத்துக் கணினியில் இருந்த ஆண்டிபட்டிப் பெண் சிரித்தாள். அவளுக்கு வயது இருபத்தொன்று. வீட்டில் தறி ஓடுகிறது. அவளுக்கு வாயும் ஓடும்.

"தாத்தா, இது கார்டு. ரேஷன் கடை போர்டு இல்ல. அப்பறம் அந்த மவுச அப்படிப் போட்டு அமுக்காதீக. அது என்ன மாட்டுக் காம்பா, பால் வர்றதுக்கு?"

பத்துக்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது. இரண்டாவது, திராட்சைப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள். கம்பத்துச் சந்தைக்குப் போகிற பெட்டி என்றுதான் சொன்னார்கள். நான் கம்பத்துக்கே போய், கால் கிலோ பன்னீர்த் திராட்சை வாங்கி வந்து, கொத்தை மேசையில் வைத்துப் பார்த்து வரைந்தேன். எண்பத்து மூன்று பழம் இருந்தது. எண்பத்து மூன்றும் வரைந்தேன். மற்றவர்கள் இணையத்தில் தேடி எந்த நாட்டுப் பழத்தையோ எடுத்து ஒட்டினார்கள். பச்சைப் பழம், நம் ஊரில் இல்லாத இலை, மேலே பனித்துளி. அதில் ஒருவனுக்கு ஒன்பது மதிப்பெண். அவன் வீட்டில் ஆறு ஏக்கர் பந்தல் திராட்சை இருக்கிறது. உன் தோட்டத்துப் பழம் கறுப்புதானே என்று கேட்டேன். கறுப்பு பிரிண்டில் எடுக்காது என்றான். எனக்கு ஐந்து.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நான் வந்த காரியம் வேறு.

மூன்றாவதாகக் கண்ணீர் அஞ்சலி வந்தது. படித்து முடித்துப் பிளக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனால் பத்தில் ஆறு வேலை இதுதான் என்று சொல்லி, ஆசிரியை எல்லாக் கணினியிலும் ஒரு கோப்புறையை ஏற்றினார். அதன் பெயர் 'பாடி'. திறந்தால் தலையில்லாத மனிதர்கள். வேட்டி சட்டையில், கோட்டில், சால்வையில், பட்டில். எல்லோருக்கும் கழுத்தோடு வெட்டி, அதற்கு மேலே ஒன்றுமில்லை.

"லேடீஸ் நாப்பத்தாறு இருக்கு, ஜென்ட்ஸ் முப்பத்தெட்டு. வயசுக்கும் வசதிக்கும் தக்கன எடுத்துக்கிருங்க," என்றார்.

"வசதின்னா, செத்தவுக வசதியா?" என்று கேட்டாள் ஆண்டிபட்டிப் பெண்.

"போஸ்டர் அடிக்கிறவுக வசதி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பெண்களை ஒன்றிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்றில் நின்றேன். அரக்குப் பட்டு, பச்சைக் கரை, மூன்று வடச் சங்கிலி, சிவப்புக் கல் மோதிரம். ஆறு மாதமாக என் கூடத்தில் தொங்கும் உடம்பு. தலை மட்டும் இல்லை.

"இது யாரு?" என்று ஆசிரியையைக் கேட்டேன்.

"எது ஐயா?"

"இந்த அம்மா. முப்பத்தொண்ணாம் நம்பர்."

"அதுல தலையே இல்லயே. யாருன்னு எப்படிச் சொல்ல?"

"யாரோ ஒருத்தர் இப்படி உட்கார்ந்து எடுத்ததுதானே?"

"இருக்கும். எங்களுக்கு வர்றப்பவே இப்படித்தான் வந்துச்சு."

ஆண்டிபட்டிப் பெண் எட்டிப் பார்த்தாள். "அட, இந்தச் சேலையா? அது நல்ல ஓட்டம் தாத்தா. எங்க பெரியம்மாவுக்கும் அதான் போட்டாக. பெரியம்மா நல்ல கறுப்பு. கை ரெண்டும் மட்டும் சந்தனமா வெளுத்துருந்துச்சு. பெரியப்பா பேனரப் பாத்துட்டு, 'இருந்தவரைக்கும் வெயில்ல நின்னா, போன பெறகு வெளுத்துட்டா'ன்னாக."

மறுபடி சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பேருந்தில் இடது பக்க ஜன்னலோரம் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். உத்தமபாளையத்திலிருந்து தேனி வரை தெருமுனைக்குத் தெருமுனை பேனர்தான். இரண்டு வாரத்தில் அந்த உடம்பை ஏழு பெண்களுக்குக் கண்டேன். சின்னமனூரில் இரண்டு, வீரபாண்டியில் ஒன்று, மற்றவை இடைப்பட்ட ஊர்களில். ஒருத்திக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒருத்தி தொண்ணூறைத் தொட்டவள், கன்னம் ஒட்டிப்போன முகம், அதன் கீழே கொழுத்த கைகள். எட்டாவது என் வீட்டுக் கூடத்தில். எட்டுப் பேருக்கும் ஒரே மோதிரம். இத்தனை வீட்டிலும் ஒருவருக்குமா கண்ணில் படவில்லை என்று யோசித்தேன். பட்டிருக்கும். என் மகன் சொன்னதையே அவர்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

வகுப்பில் நான் செய்த அஞ்சலியில் முகம் மட்டும் வைத்தேன். ஒரு வட்டத்துக்குள் முகம், கீழே பெயர், தேதி. உடம்பு எங்கே என்று கேட்டு ஐந்து கொடுத்தார் ஆசிரியை.

கடைசி வேலை பழைய படம் ஒன்றைச் சீர்செய்வது. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நான் காத்திருந்தது இதற்குத்தான். வீட்டில் இருந்த படங்களை எல்லாம் கட்டிலில் பரப்பினேன். நாற்பத்தொரு வருடம் அவளோடு குடும்பம் நடத்தினேன். அவள் இருக்கிற படங்கள் பத்தொன்பது. அவற்றில் பதிமூன்றில் பின்வரிசையில் நிற்கிறாள், முன்னால் யாருடைய தலையாவது மறைக்கிறது. மூன்றில் பரிமாறுகிறாள், குனிந்த உச்சிதான் தெரிகிறது. ஒன்று வாக்காளர் அட்டை. அதில் இருப்பது மனிதர் என்ற அளவுக்குச் சொல்லலாம். ஒன்று மகன் கல்யாண ஆல்பம். பேனருக்குப் போன முகம் அதுதான். ஸ்டுடியோக்காரன் அங்கேயே முகத்தை மெழுகிவிட்டிருந்தான், ஒரு சுருக்கம்கூட இல்லை. மிச்சம் ஒன்று. அதில்தான் அவள் தலை முதல் கால் வரை நிற்கிறாள்.

அது நான் எடுத்தது. மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். வாய்க்கால் மதகு ஒன்றில் மட்டம் பார்க்க வேண்டியிருந்தது. அளவுகோல் பிடிக்கிற ஆள் சொந்தத்தில் கல்யாணம் என்று வரவில்லை. மறுநாள் அறிக்கை போயாக வேண்டும். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், வா என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மட்டம் பார்க்கிற அளவுகோல் நான்கு மீட்டர் உயரம் இருக்கும். அதைப் பிடிக்கிறவர் அதற்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பற்றி, ஆடாமல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். பதினொரு இடத்தில் பிடித்தாள். இரண்டே முக்கால் மணி நேரம். நல்ல வெயில். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள், காலெல்லாம் சேறு. மதகு இருந்த இடத்தில் மட்டத்துக்குச் சான்றாக ஒரு படம் எடுத்தேன்.

அந்தப் படத்தில் எண்கள் ஊசிபோல் தெளிவு. ஒரு மீட்டர் நானூற்று எண்பத்தைந்து என்று இன்றும் படிக்கலாம். அவள் முகத்தில் பாதி கோலுக்குப் பின்னால்.

"எடுத்தது எடுத்தீக, கோல் இல்லாம ஒண்ணு எடுங்களேன்," என்றாள் அன்று.

பிலிமில் நான்கு படம் மிச்சம் இருந்தது. அலுவலக பிலிம் என்றேன்.

இந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆசிரியை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தார்.

"கோல எடுத்துறலாம் ஐயா. மொகத்துல தெரியிற பாதிய எடுத்து, திருப்பி, அந்தப் பக்கம் ஒட்டிட்டாப் போச்சு. எல்லா மொகமும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான?"

மூன்று நிமிடத்தில் செய்து காட்டினார். திரையில் ஒரு முகம் முழுசாக நின்றது. நேர்கோட்டில் மூக்கு, ஒரே அளவில் இரண்டு கண்கள், காலண்டரில் வருகிற அம்மன் மாதிரி. எனக்கு அறிமுகமில்லாத பெண். அவள் சிரித்தால் உதட்டின் ஒரு பக்கம் முன்னால் போகும், மறுபக்கம் யோசித்துக்கொண்டு பின்னால் வரும். அது என் நினைவில் இருந்தது. ஆனால் முன்னால் போகிற பக்கம் எது என்று திரையைப் பார்க்கப் பார்க்கக் குழம்பியது. இருபத்து மூன்று நாள் அந்த முகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நானூறு சதவீதம் பெரிதாக்கினால் முகம் போய்ச் சதுரங்கள்தான் தெரியும். ஒவ்வொரு சதுரமாக நிறம் மாற்றினேன். ஆண்டிபட்டிப் பெண் தன் வேலையை இரண்டு நாளில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

"தாத்தா, ஆச்சி உசுரோட இருக்கப்ப இம்புட்டு நேரம் மொகத்தப் பாத்திருக்கீகளா?"

"வேலையைப் பார்," என்றேன்.

முகம் ஒருவாறு அமைந்த பிறகும் அது அவளாக ஆகவில்லை. என்ன குறை என்று பதினெட்டாம் நாள்தான் பிடிபட்டது. தழும்பு. இந்தப் படம் எடுத்து இரண்டு வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு அதிரசம் சுடும்போது எண்ணெய் தெறித்துக் கன்னத்தில் ஒரு தழும்பு விழுந்தது. கடைசி வரைக்கும் அவள் முகம் என்றால் அதுவும் சேர்ந்ததுதான். அதை வைக்க வேண்டும் என்று ஆசிரியையிடம் சொன்னேன்.

"தழும்ப எடுக்கத்தான் ஐயா எல்லாரும் வருவாக. வைக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

"நான் வந்திருக்கிறேன்."

"சரி. எந்தக் கன்னம்?"

கையைத் தூக்கினேன். எந்தக் கன்னம் என்று காட்டத்தான் தூக்கினேன். கை பாதியில் நின்றுவிட்டது.

ஆறு ஓடுகிற திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் இடக்கரை. முல்லையாற்றில் எந்த மதகு எந்தக் கரையில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பஸ் வருகிற வழியில் வேகத்தடை இருபத்தாறு என்று சொல்வேன். அவள் கன்னத்தில் இடமா வலமா என்று எனக்குத் தெரியவில்லை. எதிரே நின்று பார்த்ததால் குழப்பமா என்று அவள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. ஆசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளை சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டேன். "அம்மாவுக்குத் தழும்பு எந்தக் கன்னத்துலடா?"

"எடது," என்றான், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

மருமகளைக் கேட்டேன். "வலது மாமா. இல்ல... ஆமா, வலதுதான். ஏன் மாமா?"

எதிர்வீட்டு அம்மாள் இடது என்றார். பால் ஊற்றுகிறவர் பத்து வருடமாகத் தினமும் அவள் கையால் பாத்திரம் வாங்கியவர், அவர் வலது என்றார். என் தம்பி ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்து இடது என்றான். இடதுக்கு மூன்று, வலதுக்கு இரண்டு. இன்னும் கேட்க வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள், அவளுடைய தங்கை. கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருக்கிறாள். நான்கு முறை கூப்பிட்டேன், மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. மதிப்பீட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பெரும்பான்மைப்படி இடது கன்னத்தில் வைத்தேன். முடிந்தது என்று சேமித்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே வந்தேன். வெட்கத்தினால்.

பத்துக்கு ஆறு கிடைத்தது. வகுப்பில் நான் வாங்கியதில் அதுதான் அதிகம். 'தழும்பு தேவையில்லை' என்று ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார்.

இரண்டடிக்கு மூன்றடியில் அச்சிட்டு, சுருட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். கூடத்து மேசையில் விரித்து நான்கு மூலையிலும் நான்கு தம்ளர் வைத்தேன். நினைவு நாளுக்கு இதைத்தான் போட வேண்டும், தெருமுனை பேனருக்கும் இதுதான் என்று மகனிடம் சொன்னேன். அவன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு கணம் அவனுக்கும் அவள் தெரிந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"அம்மா என்னத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக?"

"அளவுகோல்."

"எங்க?"

"எடுத்துட்டேன்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். இருபத்து மூன்று நாள் முகத்தையே பார்த்திருந்தேன், கையைப் பார்க்கவே இல்லை. கோல் போய்விட்டது. அதைப் பற்றியிருந்த இரண்டு கைகளும் மார்புக்கு நேரே, விரல்களை மடக்கிக்கொண்டு, ஒன்றுமில்லாத காற்றைப் பிடித்தபடி இருந்தன. ஆசிரியையும் சொல்லவில்லை. ஆண்டிபட்டிப் பெண்ணும் சொல்லவில்லை.

"சேறும் சகதியுமா, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு... அப்பா, ஊரே சிரிக்கும்ப்பா. சம்பந்தகாரக வருவாக. அம்மாவ வேலைக்காரி மாதிரி நிப்பாட்டி வைக்கணுமா?"

"அவ அப்படித்தான் நின்னா."

"நின்னாக. நீங்கதான நிக்க வச்சீக?"

தம்ளர்களை எடுத்தேன், படம் தானாகச் சுருண்டுகொண்டது.

நினைவு நாளன்று தெருமுனையில் முப்பத்தொன்றாம் எண் மறுபடி ஏறியது. இந்த முறை பன்னிரண்டடிக்கு எட்டடி. சின்னப் படங்கள் ஐம்பத்து நான்கு. என் படத்தை நான் படுக்கிற உள்ளறையில் சுவரில் ஒட்டிக்கொள்ள மகன் ஆட்சேபம் சொல்லவில்லை. காலையிலேயே கம்பம் வழியாக ஜீப்பில் அவளுடைய தங்கை வந்து இறங்கினாள். ஒரு வருடத்துக்கு அப்புறம் வருகிறாள். செருப்பைக் கழற்றியதும் கூடத்துப் படத்தின் முன் நின்று கும்பிட்டு அழுதாள்.

"ஆத்தா, எங்கக்கா ராணி கணக்கா உக்காந்துருக்காளே," என்றாள்.

நான் உள்ளே போய்விட்டேன். பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு, பாய் எடுக்க அவள் உள்ளறைக்கு வந்தாள். சுவரைப் பார்த்து நின்றாள். அழவில்லை. கிட்டே போய்ப் படத்தில் இருந்த பாதங்களைத் தொட்டாள்.

"மச்சான், இது அக்கா. இதுதான் எங்கக்கா."

ஒரு வருடத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். ஆறு மாதத்துக்கும் முப்பத்தெட்டுப் படிக்கும் இது போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைப் பார்த்தாள்.

"கன்னத்துல என்னமோ அப்பிருக்கே, பல்லி எச்சமா?" என்று முந்தானை நுனியால் துடைக்கப் போனாள்.

"தழும்பு. எண்ணெய் தெறிச்சது."

"அதா? அது கன்னத்துல இல்லயே."

"கன்னத்துலதான். இடமா வலமா, அதைச் சொல்."

"ரெண்டும் இல்ல மச்சான். இங்கன." தன் வலது காதுக்குக் கீழே, தாடை முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "அன்னைக்கு நாந்தான இங்கன இருந்து பத்து நாளு மருந்து போட்டேன். மறந்துட்டீகளா? ஆறுன பெறகும் வடு தெரியுதுன்னு முந்தானைய இழுத்து இழுத்து விட்டுக்கிருவா."

முந்தானையை இழுத்துவிடுவது எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே ஞாபகம் இருந்தது. நான் வரும்போதெல்லாம் செய்வாள். மரியாதைக்குச் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

எந்தக் கன்னம் என்று ஐந்து பேரிடம் கேட்டேன். கன்னம்தானா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. தொடங்குகிற புள்ளியைத் தப்பாக எடுத்துவிட்டு வாய்க்கால் முழுக்க மட்டம் பார்த்தவன் ஒருவன் எங்கள் அலுவலகத்தில் இருந்தான். அவனை எல்லோர் முன்னாலும் முட்டாள் என்று சொன்னவன் நான்.

அலமாரியில் இருந்து ஸ்கேலை எடுத்தேன். எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டேன். அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். ஆடாமல் வைத்துக்கொள் என்று சொல்லி இடைவெளியில் ஸ்கேலை வைத்தேன்.

"போங்க மச்சான். போய்ச் சேந்தவளுக்கு இப்ப அளவெடுத்து ஜாக்கெட்டா தைக்கப் போறீக?"

இருபத்தெட்டு மில்லிமீட்டர். நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை அவள் ஊருக்குக் கிளம்பினாள். ஜீப் வாசலில் நிற்கும்போது, சரிபார்க்கத்தான், இன்னொரு முறை காட்டச் சொன்னேன். பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு விரல்களை விரித்தாள். இந்த முறை முப்பத்தைந்து இருந்தது. கழுத்தின் மற்றப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.